இத்தாலிக்குப் போன பொதி ஏன் திரும்பி வந்துச்சு? புதுத் தபால் விதியும் நம்ம லயத்து முகவரியும்

தலவாக்கலை நிலா (ஞாயிறு, இரவு 8.12)

எல்லாருக்கும் வணக்கம். தபால் விசயம் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் சொல்லுங்க.

பலர்மோவில இருக்கிற அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. அம்மா ரெண்டு மாசமா உக்காந்து பின்னின கம்பளிச் சட்டை, தொப்பி, அதோட அரைக்கிலோ தேத்தூள், எல்லாத்தையும் ஒரு பெட்டியில கட்டி நான்தான் தபாலுக்குக் கொண்டு போனேன். ஒரு சின்னப் படிவம் தந்தாங்க. "உள்ளே என்ன" என்ற இடத்தில "அன்பளிப்பு"ன்னு இங்கிலீசுல எழுதினேன். நாங்க இருக்கிறது தேயிலைத் தோட்டத்து லயத்துல, ஒட்டிக் கட்டின வரிசை வீட்டுல. அனுப்புறவர் முகவரிக்கு எங்க தோட்டத்துப் பேரும் கீழ்ப்பிரிவும் போட்டேன். வழக்கமா அதைத்தானே எழுதுறோம். போன் நம்பர் போடல.

ஒரு மாசமாகியும் அக்காவுக்கு ஒன்னும் போய்ச் சேரல. நேத்து தம்பி தோட்டத்து ஆபீசுக்கு வேற வேலையாப் போனவன், ஜன்னலோரத்துல பழைய செக்ரோல் (வேலைக்கு வந்தவங்க பேர் பதியிற) புத்தகங்களுக்கு அடியில எங்க பெட்டி கிடக்கிறதைப் பார்த்து தூக்கிட்டு வந்தான். கடல் தாண்டவே இல்ல. கொழும்போட திரும்பியிருக்கு. மேல ஒட்டியிருந்த துண்டுத் திகதியைப் பார்த்தா, இங்க வந்தே பத்தொன்பது நாள்!

ரெண்டு கேள்வி. ஏன் திரும்பிச்சு? திரும்பினதை எங்களுக்கு ஏன் யாரும் சொல்லல? அம்மா பெட்டியைப் பார்த்திட்டுப் பேசவே இல்ல.

மஸ்கெலியா மைந்தன் (ஞாயிறு, இரவு 8.40)

இந்தக் காலத்துல யாரு தங்கச்சி தபால்ல போடுறது? கொரியர்ல போட்டிருந்தா நாலு நாள்ல போயிருக்கும்.

தலவாக்கலை நிலா (ஞாயிறு, இரவு 8.44)

கேட்டுப் பார்த்தேன் அண்ணே. அவங்க சொன்ன காசுக்கு உள்ள இருக்கிற சாமானை மூணு தடவை வாங்கலாம்.

முத்திரை ஐயா (ஞாயிறு, இரவு 10.25)

மகள், நான் உப தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். கண்ணாடியைத் தேடி எடுத்து எழுதத் தாமதமாகிவிட்டது.

பொதி திரும்பியதற்குப் பெரும்பாலும் காரணம் நீங்கள் எழுதிய அந்த ஒற்றைச் சொல்தான். பழைய காலத்தில் "அன்பளிப்பு" என்றால் போதும், முத்திரை குத்திப் பையில் போட்டுவிடுவோம். விமானத்தில் போய், அந்த நாட்டுச் சுங்கம் திறந்து பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இப்போது ஒழுங்கு தலைகீழ். பொதி போவதற்கு முன்னே அதைப் பற்றிய விவரம் கணினி வழியாகப் போக வேண்டும். உலகத் தபால் ஒன்றியம் 2021 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து பொருள் உள்ள எல்லா உருப்படிக்கும் இதைக் கட்டாயமாக்கிவிட்டது. அமெரிக்கா ஏற்கெனவே சட்டம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதே வருடம் மார்ச் 15 முதல் கேட்கத் தொடங்கியது. யார் அனுப்புகிறார், யாருக்கு, உள்ளே என்ன, எத்தனை, எவ்வளவு எடை, என்ன பெறுமதி, இதெல்லாம் தரவாகப் போய், அங்கே கணினி ஆபத்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் விமானம் ஏற்றலாம்.

அந்தக் கணினிக்கு "அன்பளிப்பு", "சாமான்", "பலவகை" போன்ற சொற்கள் பிடிக்காது. அப்படிப்பட்ட சொற்களுக்கென்றே ஒரு தடைப்பட்டியல் வைத்திருக்கிறார்கள். அன்பளிப்பு என்பது எதற்காக அனுப்புகிறீர்கள் என்பதற்கான பதில். அதற்குப் படிவத்தில் தனிக் கட்டம் இருக்கிறது, அங்கே ஒரு கோடு போட்டால் போதும். உள்ளே என்ன என்ற இடத்தில் "குழந்தைக் கம்பளிச் சட்டை, 1", "குழந்தைக் கம்பளித் தொப்பி, 1", "கறுப்புத் தேயிலை, பொதி செய்தது" என்று ஒவ்வொன்றாக, எடையோடும் பெறுமதியோடும் எழுத வேண்டும்.

இதற்கு முன்னால் 2018இல் இன்னொரு மாற்றம் வந்தது. பலர் கவனிக்கவே இல்லை. வெளிநாட்டுக்குக் கடிதம் என்றால் அதில் காகிதம் மட்டும். பொருள் ஏதாவது இருந்தால் அது சிறுபொதி, சுங்கப் படிவம் ஒட்ட வேண்டும். கடித உறைக்குள் திருநீற்றுப் பொட்டலமும் கறுப்புக் கயிறும் வைத்து ஒட்டுகிற நம்முடைய பழக்கம் அன்றோடு முடிந்தது. பிறகும் வைத்தார்கள், நானும் பார்க்காததுபோல இருந்தேன், அது வேறு கதை.

சிறுபொதி 2 கிலோ வரை. உங்களுடையது அதற்குள் அடங்கும், ஆகவே சி.என். 22 என்ற சின்னப் படிவமே போதும். பெறுமதி கூடினால்தான் சி.என். 23.

ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். ஐரோப்பாவுக்கு ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு 45 யூரோ வரை வரி விலக்கு உண்டு. ஆனால் தேயிலைக்கு அந்தச் சலுகை 100 கிராமுக்கு மேல் கிடையாது. நீங்கள் கட்டியது அரைக்கிலோ!

சிவப்புப் பெட்டி (ஞாயிறு, இரவு 11.03)

தேயிலைத் தோட்டத்துல இருந்து நூறு கிராம் தேயிலை 😀 இது தெரிஞ்சா எங்க பாட்டி எழும்பி வந்து சிரிப்பா.

நான் கண்டி. முத்திரை சேர்க்கிற கிறுக்கன். ஐயா சொன்னதோட ஒன்னு சேர்க்கிறேன். ரசீதில பட்டைக்கோட்டுக்குக் கீழ பதின்மூன்று எழுத்து இருக்கும் பாருங்க: முதல்ல ரெண்டு ஆங்கில எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில நம்ம நாட்டுக்குரிய எல்.கே. முதல் எழுத்து ஆர் என்றா பதிவுத் தபால், சி என்றா பொதி, இ என்றா விரைவுத் தபால். யு என்றா சாதாரணச் சிறுபொதி, அதை வழி நெடுகத் தேட முடியாது. பட்டைக்கோடு இருந்தாலே தேடலாம்னு பலபேர் நினைச்சு ஏமாறுறாங்க.

ஒன்பது இலக்கத்தில கடைசி இலக்கம் சும்மா இல்ல, சரிபார்க்கிற இலக்கம். முதல் எட்டையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல பெருக்கிக் கூட்டுங்க. 11 ஆல வகுத்து வர்ற மீதியை 11இல கழிங்க. 12345678க்குச் செய்து பார்த்தா கூட்டு 204, மீதி 6, விடை 5. அப்ப சரியான இலக்கம் 123456785. நித்திரை வராத நேரம் நான் இதைத்தான் செய்றது.

முத்திரை விலை 2022 ஆகஸ்ட் 15இல 15 ரூபாயிலிருந்து ஒரே தாவலா 50 ஆனப்ப இருந்த சத்தம், இந்தத் தரவு விதி வந்தப்ப இருக்கல. விலை எல்லாருக்கும் கண்ணுல படும். படிவம் படாது.

ஊவா ராஜி (திங்கள், காலை 6.50)

நிலா தங்கச்சி, முதல் கேள்விக்கு ஐயா பதில் சொல்லிட்டார். ரெண்டாவது கேள்விதான் என் நெஞ்சுல குத்துது.

எங்கம்மா ஒரு சோடி தோடும் சங்கிலியும் அடகு வச்சிருந்தாங்க. எந்த வங்கின்னு சொல்ல விரும்பல. தவணை முடியுது, இத்தனாம் திகதி ஏலம் என்று அவங்க கடிதம் போட்டிருக்காங்க. போட்டது உண்மை, நான் பிறகு போய்ப் பார்த்தேன், பதிவேட்டுல இருக்கு. தபால் நிலையத்துக்கும் வந்திருக்கு. தோட்டத்துப் பையிலயும் ஏறியிருக்கு. எங்க வீட்டுக்கு வந்தப்ப ஏலம் முடிஞ்சு ஆறு நாள்.

ஏன்னா எங்க டிவிஷன்ல எஸ். ராஜேஸ்வரி நாலு பேர். கடிதம் மத்த மூணு வீட்டையும் சுத்திட்டு வந்திச்சு. ஒரு வீட்டுல பிள்ளை அதுல கணக்குப் போட்டுப் பார்த்திருக்கு.

வங்கிக்காரர் சொன்னது ஒரே வசனம்: "நீங்க தந்த முகவரிக்கு அனுப்பிட்டோம் அம்மா." சட்டம் அவங்க பக்கம்தான். சரியா முகவரி எழுதி, முத்திரை ஒட்டித் தபால்ல சேர்த்தா, சாதாரணமாப் போய்ச் சேர்ந்ததாத்தான் எடுத்துக்குவாங்க. இல்லன்னு நிரூபிக்கிறது நம்ம தலையில. அரசாங்க வேலை நேர்முகத்தேர்வுக் கடிதம், நீதிமன்ற அழைப்பு, தனிப்பட்ட பரீட்சார்த்திக்கு வர்ற அனுமதி அட்டை, எல்லாம் இதே பையிலதான் வருது.

பதிவுத் தபால் என்றா இன்னும் மோசம். அறிவித்தல் துண்டு மட்டும் வரும். டவுனுக்குப் போய்க் கையெழுத்து வச்சு எடுக்கணும். போனா அன்றைக்குத் தோட்டத்துல பேர் இல்ல, சம்பளமும் இல்ல. கொழும்புல இருக்கிறவனுக்குக் கதவுக்கு வர்ற அதே கடிதத்துக்கு நாங்க ஒரு நாள் சம்பளம் கட்டுறோம். இது எந்தக் கட்டணப் பட்டியல்ல இருக்கு?

மஸ்கெலியா மைந்தன் (திங்கள், காலை 7.30)

ராஜி அக்கா, கோபம் நியாயம். ஆனா வழி இருக்கே. எங்க வீட்டுக்கு எல்லாம் டவுன்ல மாமா கடை முகவரிக்குத்தான் வரும். கடிதம் வந்தா மாமா போன் போடுவார். ஒரு சிக்கலும் இல்ல.

ஊவா ராஜி (திங்கள், காலை 7.41)

மாமா கடை வச்சிருக்கிறவங்களுக்குச் சிக்கல் இல்லதான்.

2023இல, நம்ம சனம் இந்த மலைக்கு வந்து இருநூறு வருசம்னு, மலையகம் 200 என்று நடைபவனி போனோம், மேடை போட்டுப் பேசினோம். இன்னும் அடுத்தவன் கடைப் பலகையில நம்ம பேரை எழுதிக்கிட்டு இருக்கணுமா? கடையை மூடிட்டா? மாமாவோட கோவிச்சுக்கிட்டா? வாக்காளர் இடாப்பில ஒரு முகவரி, வங்கியில ஒரு முகவரி, பிள்ளை பள்ளிக்கூடத்துல ஒரு முகவரி. கிராம சேவகர்கிட்ட வதிவிடச் சான்றிதழுக்குப் போனா "இதுல எது உங்க வீடு"ன்னு கேக்கிறார்.

கூடலூர்க்காரன் (திங்கள், பிற்பகல் 1.15)

வணக்கம் உறவுகளே. நான் நீலகிரி. எங்க தாத்தா குடும்பம், தோட்டத்து ஆளுங்களை இந்தியாவுக்கு அனுப்பின சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தப் பக்கம் வந்தது. பெரியப்பா குடும்பம் இன்னும் லிந்துலை பக்கம்தான். சின்ன வயசுல வருசத்துக்கு ரெண்டு கடிதம் வரும், நீல நிற வான்கடிதம், ஓரத்துல கூட இடம் விடாம எழுதியிருப்பாங்க.

இங்கயும் தபால் விதியை மாத்திக்கிட்டேதான் இருக்காங்க. 1898ஆம் வருசச் சட்டத்தை எடுத்துட்டு அஞ்சல் அலுவலகச் சட்டம் 2023ன்னு புதுசு, 2024 ஜூன்ல நடைமுறைக்கு வந்துச்சு. 2025ல பதிவுத் தபாலை விரைவுத் தபாலோட சேர்த்துட்டாங்க. ஊர்ல பெரியவங்களுக்கு ரொம்ப வருத்தம்.

ஆனா உங்க பேச்சுக்குச் சம்பந்தப்பட்டது வேற. 2025 மே மாசம் டிஜிபின்னு ஒன்னு விட்டாங்க. நாட்டையே ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரமா வெட்டி, ஒவ்வொரு சதுரத்துக்கும் பத்து எழுத்துல ஒரு குறியீடு. வீட்டு இலக்கம் தேவையில்ல, தெருப்பேர் தேவையில்ல, வாசல்ல நின்னு போன்ல பார்த்தா வந்துடும். இங்க லைன் வீட்டுல இருக்கிறவங்களுக்கும் ஒரு குறியீடு கிடைக்குது. அதை வச்சு யாரும் கடிதம் போடுறாங்களான்னு கேக்காதீங்க, இன்னும் பின்கோடுதான் ஓடுது.

சிவப்புப் பெட்டி (திங்கள், பிற்பகல் 1.32)

4 மீட்டரா? லயத்துக் காம்பரா (அறை) அளவுக்கு நல்லாத்தான் பொருந்தும். ஆனா ஒரு காம்பராவுல ரெண்டு குடும்பம் இருந்தா ஒரே குறியீடுதான் 😀

முத்திரை ஐயா (திங்கள், மாலை 5.48)

ராஜியின் கேள்விக்குத் தபால் திணைக்களத்தில் இருந்தவன் என்ற முறையில் நான் பதில் சொல்லாமல் இருந்தால் சரியில்லை.

தபால்காரர் தோட்டத்துக்குள் வீடு வீடாகப் போகாததற்கு அடிப்படை, தோட்டம் என்பது ஒரு முகவரியாகக் கணக்கிடப்பட்டதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குக் கடிதம் என்றால் துரைக்குக் கடிதம். பூட்டுப் போட்ட ஒரு பை, தோட்டத்து ஆள் ஒருவர் அதைச் சுமந்து டவுனுக்கு வந்து மாற்றிக்கொண்டு போவார். தொழிலாளிக்கு இந்தியாவிலிருந்து கடிதம் வரத் தொடங்கியபோது அதுவும் அதே பைக்குள் விழுந்தது. அந்தப் பை மாறவில்லை. பல தோட்டங்களில் திணைக்களமே ஆள் போட்டும், இன்னும் பல இடங்களில் கடைசிக் கை நிர்வாகத்தின் கைதான்.

1997இல் ஐந்து இலக்கத் தபால் குறியீடு வந்தது. தலவாக்கலை 22100, ஹட்டன் 22000, அப்புத்தளை 90160. அது கடிதத்தை விநியோகிக்கும் தபால் நிலையம் வரைக்கும்தான் கொண்டு வரும். அதற்கப்பால் வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் தேவை. அதைக் கொடுக்க வேண்டியது உள்ளூராட்சிச் சபை. தோட்டத்துக்குள் செலவு செய்யப் பிரதேச சபைகளுக்குச் சட்டம் இடம் கொடுக்காமலே இருந்தது, 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டிக் கொடுத்த இடங்களிலும், ஊருக்குப் பெயர்ப்பலகை இருக்கும், வீட்டுக்கு இலக்கம் இருக்காது. திறப்பு விழாவுக்குப் பலகை போதும்தானே.

வெளிநாட்டு விதி இறுகியதும், உள்ளூரில் முகவரி இல்லாததும் வேறு வேறு என்று நினைத்திருந்தேன். நிலா மகளின் பெட்டியைப் பற்றி வாசித்த பிறகுதான் இரண்டும் ஒரே முடிச்சு என்று பட்டது. புதிய விதியில் தரவில் ஒரு குறை என்றால் பொதி அனுப்பியவரிடம் திரும்பும். அனுப்பியவருக்கு வாசல் இருக்கிறது என்று அந்த விதியை எழுதியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உலகத் தபால் ஒன்றியம் இருக்கும் பேர்ன் நகரத்தில் உட்கார்ந்து எழுதினால் அப்படித்தான் தோன்றும்.

எங்கள் தொழிலிலும் குறை இல்லாமல் இல்லை. 2025 ஆகஸ்டில் ஒரு வாரம் வேலைநிறுத்தம் நடந்தபோது மலையகத்தில் எத்தனை மருந்துப் பொதி தேங்கியிருக்கும் என்று யோசித்தேன். அதே தொழிலாளர்தான் 2023இல் நுவரெலியாத் தபால் கட்டடத்தை, 1894இல் கட்டிய அந்தச் செங்கல் கட்டடத்தை, ஹோட்டலுக்குக் கொடுக்காதே என்று நின்றார்கள். இரண்டும் உண்மை.

மழையோரம் (திங்கள், இரவு 9.20)

இவ்வளவு நேரம் வாசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். எங்கப்பா தப்பால்காரர். தோட்டத்துத் தப்பால்காரர், திணைக்களத்து ஆள் இல்ல. இருபத்தெட்டு வருசம்.

"பை", "பை"ன்னு எல்லாரும் எழுதுறீங்க. அந்தப் பை தோளை அறுத்த தழும்பு அப்பா உடம்புல இருக்கு. காலையில ஆறு மைல் இறக்கம், பகல் ஆறு மைல் ஏத்தம். மழைக்காலத்துல பையை ரெட்டுத் துணிக்குள்ள சுத்தித் தான் நனைஞ்சு வருவார். அட்டைக்கடிக்கு சவர்க்காரம் பூசிக்கிட்டுப் போவார்.

மடுவத்துல கொழுந்து நிறுக்கிற நேரம் கடிதம் கொடுக்கிறதுதான் வழக்கம், ஏன்னா அப்பதான் ஆள் இருக்கும். வாசிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சும் காட்டுவார். கெட்ட செய்தின்னா மடுவத்துல கொடுக்க மாட்டார், இருட்டினப்புறம் வீட்டுக்குப் போய்ச் சொல்வார். நாலு ராஜேஸ்வரியில எந்த ராஜேஸ்வரிக்கு மட்டக்களப்புல மகன் இருக்கான், எவளுக்கு வங்கிக் கடன் இருக்கு, எல்லாம் தெரியும். உறையைப் பார்த்தே ஆள் சொல்வார். ராஜி அக்கா வீட்டுப் பக்கம் அப்படி ஒருத்தர் இருந்திருந்தா அந்தக் கடிதம் சுத்தியிருக்காது.

அப்பா ஓய்வு எடுத்த பிறகு அந்த வேலைக்குன்னு தனி ஆள் போடல. டவுனுக்குப் போற லொறியில டிரைவர் பையை எடுத்துட்டு வந்து ஆபீசுல போடுறார். அவ்வளவுதான். கடிதம் ஜன்னல்ல இருக்கும், பார்த்தவன் எடுத்துக்குவான்.

அதுக்காக அப்பா காலம் நல்ல காலம்னு சொல்ல வரல. ஒரு கடிதத்தை ஆபீசுல பிரிச்சுப் பார்த்துட்டுத் தந்தாங்க, சங்கத்துக் கடிதம். அப்பா கண்ணால பார்த்தார், வாய் திறக்கல. திறந்திருந்தா வேலை போயிருக்கும். அதை அவர் எனக்குச் சொன்னதே போன வருசம்தான்.

ஊவா ராஜி (திங்கள், இரவு 9.58)

தம்பி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. எனக்குக் கோபம் தப்பால்காரர் மேல இல்ல. எங்க தோட்டத்திலயும் இப்ப லொறிதான்.

தலவாக்கலை நிலா (அடுத்த மாசம், வெள்ளி, இரவு 7.35)

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு நாள் கழிச்சு எழுதுறதுக்கு மன்னிக்கணும்.

முத்திரை ஐயா சொன்னபடியே புதுசாக் கட்டினேன். சட்டை 1, தொப்பி 1, கறுப்புத் தேயிலை 100 கிராம். மிச்சம் நானூறு கிராமை நாங்களே குடிச்சிட்டோம், அம்மாவுக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. தேயிலைக்கு எச்.எஸ். குறியீடு, சுங்கத்துல சாமானை வகை பிரிக்கிற இலக்கம், 0902.30ன்னு தேடி எழுதினேன், மூணு கிலோவுக்கு உள்பட்ட பொதியில வர்ற கறுப்புத் தேயிலைக்கு அதுதானாம். கவுண்டர்ல இருந்த அக்கா நிமிர்ந்து பார்த்துட்டு, "ஏற்றுமதிக் கம்பனியில வேலையா?"ன்னு கேட்டாங்க. அக்கா வீட்டு போன் நம்பர், என் போன் நம்பர் ரெண்டும் போட்டேன். இந்தத் தடவை பதிவுத் தபால்லயே போட்டேன், ஆர் எழுத்து. சிவப்புப் பெட்டி அண்ணே, சரிபார்க்கிற இலக்கத்தைப் பஸ்ஸுலயே கணக்குப் போட்டேன், சரியா வந்துச்சு!

அனுப்புறவர் முகவரிதான் கை நின்ன இடம். முதல்ல மாமா கடை மாதிரி ஏதாவது கடை போடலாமான்னு யோசிச்சேன். பிறகு தம்பி சொன்னான், எழுது, எட்டாம் லயம், மூணாம் காம்பரா, கீழ்ப்பிரிவு, 22100 எல்லாம் எழுதுன்னு. எழுதிட்டேன். வீட்டுக்கு வந்து அவன் மிச்சமிருந்த நீலப் பெயின்ட்ல கதவு மேல 8/3ன்னு பெருசா எழுதினான். பக்கத்துக் காம்பரா பெரியம்மா வந்து, "எனக்கும் ஒன்னு எழுது தம்பி"ன்னாங்க. இப்ப லயத்துல பத்துக் கதவுலயும் நீல நம்பர் இருக்கு. சபை தந்த நம்பர் இல்ல, பெயின்ட் தந்த நம்பர். கிராம சேவகர் ஏத்துக்குவாரா தெரியல.

பொதி பலர்மோவுக்கு வந்துட்டதா நேத்து காட்டிச்சு. அக்கா இன்னைக்குப் போய் எடுத்திருக்கா. சட்டை பிள்ளைக்குக் கொஞ்சம் சின்னதாப் போச்சு.

மஸ்கெலியா மைந்தன் (வெள்ளி, இரவு 7.52)

தங்கச்சி, அந்தப் பெயின்ட் என்ன நிறம்னு சரியாச் சொல்லு. எங்க லயத்துல பதினாறு கதவு.

சிவப்புப் பெட்டி (வெள்ளி, இரவு 8.05)

8/3க்கு ஒரு கடிதம் போடுறேன் நிலா. 50 ரூபா முத்திரை என் செலவு. எத்தனை நாள்ல, யார் கையில இருந்து வந்துச்சுன்னு மட்டும் இங்க எழுதுங்க.